குள்ளன் முதுகுச் சாயம்

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட நாய்க்கு ரெக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள் கோகிலவாணி.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது சுபாஷின் கிஃப்ட் கடை. படத்தைக் கொடுத்தால் மக்கில், தலையணையில், சாவிக்கொத்தில், சுவர்க் கடிகாரத்தில் என்று கேட்டதில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஐந்து வருடமாக அங்கே கம்ப்யூட்டரும், சூட்டில் படம் பதிக்கிற ஹீட் பிரஸ் மிஷினும் அவள் பொறுப்பு. காதலிக்கு இதயம், தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம், கட்சிக்காரனுக்குச் சிங்கத்தின் மேல் கால் போட்டு உட்கார்ந்த படம் என்று எல்லாம் செய்தாயிற்று. நாய்க்குக் கண்ணீர் அஞ்சலி இதுதான் முதல் தடவை.

ஆர்டர் முப்பது மக். ஒரு பக்கம் நாய், அதன் முதுகில் இரண்டு வெள்ளை ரெக்கை, தலைக்கு மேல் தங்க வளையம். மறுபக்கம் ‘டாஃபி’ என்ற பேர், பிறந்த தேதி, செத்த தேதி. கொடுத்தது நைனார்பாளையம் ராமசாமியின் மருமகள் ஜெயசுதா. சென்னையில் இருக்கிறவள். மாமனார் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

“கார்கின்னு ஒரு ஜாதி நாயாம்” என்றான் சுபாஷ். “வெளிநாட்டுல மாடு மேய்க்கிறதுக்காக வளர்த்த நாயி. காலு இத்தினூண்டு. இந்த நாய் வெச்சிருக்கிறவங்க மெட்ராஸ்ல முப்பது பேரு ஒரு குரூப்பு. ஒவ்வொரு நாயி பொறந்தநாளுக்கும் இவங்களுக்கு அவங்க, அவங்களுக்கு இவங்கன்னு கிஃப்ட் குடுத்துக்குவாங்களாம். ‘கார்கி அம்மா ஜெயசுதா’ன்னு தண்ணி பாட்டில்ல பேர் போட்டு வெச்சிருக்குது அந்த மேடம்.”

“நாயிக்கு இவங்க அம்மான்னா, நாயி இவங்கள இன்னான்னு கூப்புடும்ணே?”

“நீ வேலையப் பாரு. காது ஓரத்த ஒழுங்கா வெட்டு.”

காது ஓரத்தை வெட்டுவதற்காகத்தான் படத்தைப் பெரிதாக்கினாள். இடது காது நுனி உள்பக்கமாகக் கொஞ்சம் மடிந்திருந்தது. நெற்றியிலிருந்து இறங்கிய வெள்ளைப் பட்டை மூக்குக்கு மேலே வலது பக்கம் திரும்பி, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளியை விட்டுவிட்டுப் போயிருந்தது.

படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மூஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு நாயுருவி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். நேற்று முன்தினம் கூடப் பிடுங்கினாள். செத்த தேதி என்று திரையில் போட்டிருந்தது போன ஆடி மாதத்தில் ஒரு நாள்.

*

அதே ஆடியில்தான் அவள் அம்மா செவ்வந்தி அந்தச் சாக்குப் பையை எடுத்தாள்.

செவ்வந்திக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருப்பது எழுபது ஆடு. செம்மறி பாதி, வெள்ளாடு பாதி. கட்டியவன் செங்கல் சூளை வேலை என்று கேரளாவுக்குப் போனான். போனவன் போனவன்தான். மழைக்காலத்தில் ஆடுகளைக் கல்வராயன் மலையடிவாரத்துக்கு ஓட்டுவாள். தை பிறந்து அறுப்பு முடிந்ததும் சமவெளிக்கு இறக்கி, காலிக் கொல்லைகளில் பட்டி போடுவாள். மூங்கில் படலை வட்டமாக நிறுத்தி, ராத்திரிக்கு ஆட்டை உள்ளே அடைத்தால் விடிவதற்குள் அந்த இடத்துக்கு எரு விழுந்திருக்கும். அதற்குக் கொல்லைக்காரர்கள் கொடுக்கும் கூலியில்தான் கோகிலவாணி படித்தாள்.

போன வைகாசியில் பாறை சறுக்கி விழுந்ததில் செவ்வந்தியின் வலது முட்டி போய்விட்டது. நடக்கலாம், ஓட முடியாது. ஓட முடியாதவள் எழுபது ஆட்டை என்ன செய்வாள்? பாதியை விற்றுவிடலாமென்று வியாபாரிக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தாள். அப்போதுதான் வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில், மூன்றாவது வளைவுக்குக் கீழே, வாய் கட்டிய உரச்சாக்கு ஒன்று தானாகப் புரண்டது.

உள்ளே இருந்தது எலும்பும் தோலுமாக ஒரு குட்டைக்கால் நாய். அது குட்டியா, வளர்ந்ததா என்றே அவளுக்குப் புரியவில்லை. மோர்சோறு போட்டாள். நாலாம் நாள் எழுந்து நின்றது. பத்தாம் நாள், கூட்டத்தை விட்டு ஓடிய ஒரு கிடாயின் பின்னால் போய், குதிகாலில் லேசாகக் கவ்விவிட்டுச் சட்டென்று தரையோடு படுத்துக்கொண்டது. கிடா விட்ட உதை அதன் தலைக்கு மேலே காற்றில் போயிற்று. கிடா கூட்டத்துக்குத் திரும்பியது. யாரும் சொல்லித் தரவில்லை.

“அந்தக் குட்டக் காலு எதுக்குன்னு அப்பத்தான்டி தெரிஞ்சிது” என்றாள் செவ்வந்தி. “ஒதைக்கு எட்டாம இருக்கத்தான்.”

குள்ளன் என்று பேர் வைத்தாள். வியாபாரிக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஒரு மாசம் கழித்து, சிவப்புச் சாயப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்து, தன் ஆடுகளுக்குப் போடுகிற மாதிரியே அதன் முதுகிலும் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

அந்தக் கோடு சும்மா அழகுக்கு இல்லை. பட்டிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு இடம் உண்டு. செவ்வந்திக்குச் சிவப்பு, நடுமுதுகு. சாயம் போட்டுவிட்டால் அந்த உயிர் போட்டவருடையது. அது வயிறு காய்ந்தாலும், அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்தாலும் பதில் சொல்ல வேண்டியது சாயத்துக்கு உடையவர். அழிமானத்துக்கு அபராதமாக யாரும் காசு கேட்பதில்லை. அழிந்த கொல்லைக்காரனின் காலி நிலத்தில் இத்தனை ராத்திரி கூலியில்லாமல் பட்டி போட வேண்டும். எருவோடு போயிற்று.

*

கோகிலவாணி ரெக்கையை ஒட்டி முடித்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செத்ததாகச் சொன்னது அவர்கள், அச்சடிப்பது நான், அதற்கு மேல் எனக்கென்ன என்று முப்பது மக்கையும் ஒவ்வொன்றாக மிஷினில் மாட்டினாள். ஆனால் ஒவ்வொரு தடவை மிஷின் ‘பீப்’ என்று கத்தும்போதும் மனசில் அதே கணக்குதான் ஓடியது. அந்த நாய் போனால் அம்மாவின் ஆடு போகும். ஆடு போனால் அம்மா யாருடைய மரவள்ளிக் காட்டிலாவது குனிந்து களை வெட்ட வேண்டும், அந்த முட்டியோடு.

அவள் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. போன வாரம், கைப்பிடியில் கீறல் விழுந்த மக் ஒன்றில் அம்மாவுக்கென்று ஒரு படம் அடித்து வைத்திருந்தாள். ஆடுகளுக்கு நடுவே நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும் குள்ளன், முதுகில் சிவப்புக் கோடு, கீழே ‘குள்ளன், செவ்வந்தி பட்டி’ என்று எழுத்து. சுபாஷ் அதைப் பார்த்ததும், “படம் ஷோக்கா இருக்கு. முதுகுல இன்னா ரத்தக்கறை மாதிரி? அத்த அழிச்சிடு, சாம்பிளுக்கு வெக்கலாம்” என்றான். அவள் அழிக்கவில்லை. அவன் விடவும் இல்லை. கண்ணாடி அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

மறுநாள் மதியம் ஜெயசுதா மக்குகளை வாங்க வந்தாள். வெள்ளைக் குர்த்தா, அழுது வீங்கிய கண். ஒரு மக்கை எடுத்து ரெக்கை முளைத்த நாயை விரலால் தடவினாள். “நல்லா பண்ணியிருக்கீங்க” என்றாள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவளின் பார்வை அலமாரியில் போய் நின்றது.

கோகிலவாணிக்கு அந்த மக் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அந்த மக்கை எடுங்க.”

சுபாஷ் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். “சாம்பிள் மேடம். உங்க நாய் ஜாடைதான் இல்ல?”

ஜெயசுதா மூக்குக்கு மேலே இருந்த புள்ளியைப் பார்த்தாள். மடிந்த காதைப் பார்த்தாள். “ஜாடை இல்ல. இது டாஃபிதான். இது எப்ப எடுத்த போட்டோ? யாரு எடுத்தது?”

நெட்டில் எடுத்த படம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மக்கில் அம்மாவின் பேர் இருந்தது. அதைத் தன் கையால் எழுதிவிட்டு, தன் வாயால் இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை.

“நான்தான் மேடம் எடுத்தேன். போன வாரம். அது எங்கம்மாவோட நாயி.”

“போன வாரமா?”

ஜெயசுதா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மாமனாரை அழைத்தாள்.

“மாமா, டாஃபி உயிரோட இருக்கு.”

“பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு?” ராமசாமியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. “பாம்பு கடிச்சி என் கண்ணு முன்னால செத்த நாயி. பொதைச்ச எடத்துல வேப்பங்கன்னு வெச்சி ஒனக்குக் காட்டினேனா இல்லியா?”

“போட்டோ பாத்தேன் மாமா. செவ்வந்தின்னு ஒருத்தங்க கிட்ட இருக்கு. ஆடு மேய்க்கிறவங்களாம்.”

“எங்க கீறா அவ?” என்றார் ராமசாமி.

கோகிலவாணி அதைக் கவனித்தாள். எந்தச் செவ்வந்தி என்று அவர் கேட்கவில்லை.

*

கோமுகி அணைக்குக் கீழே, அறுத்துவிட்ட நெல்வயலில் ஆடுகள் தாள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜெயசுதாவின் கார் வாய்க்கால் மேட்டில் நின்றபோது மணி நாலு இருக்கும். முன்சீட்டில் வழிகாட்டி வந்த கோகிலவாணி இறங்கினாள். தூரத்தில் செவ்வந்தி துரட்டியை ஊன்றி நின்றிருந்தாள். முட்டியில் பழைய துணி கட்டியிருந்தது. அவளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒன்று தரையோடு தரையாக ஓடி, ஓரமாக ஒதுங்கிய நாலு வெள்ளாட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

“டாஃபி!”

நாய் நின்றது. காது இரண்டும் எழுந்தன. அடுத்த நிமிஷம் அது ஓடி வந்த வேகத்தைப் பார்த்து ஆடுகளே மிரண்டு விலகின. ஜெயசுதா மண்ணிலேயே மண்டியிட்டாள். நாய் அவள்மேல் ஏறி, மூஞ்சியை நக்கி, மல்லாந்து புரண்டு, குழந்தை மாதிரி அழுதது. முதுகுச் சாயம் அவள் வெள்ளைக் குர்த்தாவில் இழுவையாக ஒட்டியது. அவள் வாய்விட்டு அழுதாள்.

செவ்வந்தி நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். மகளைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

“யாருடி இது?”

“நைனார்பாளையத்து ராமசாமி மருமவ. குள்ளன் அவங்க நாயாம்மா. வெளிநாடு போறப்ப மாமனார் வூட்ல வுட்டுட்டுப் போனாங்களாம். செத்துடுச்சின்னு சொல்லிட்டாராம் அவரு.”

நாய் அந்தப் பெண்ணின் மடியில் புரள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் செவ்வந்தி. அவள் தாடை அசைந்தது. வெற்றிலை இல்லாத வாய் எதையோ மென்றது.

“அம்மா, ரொம்ப தேங்க்ஸ்ம்மா” என்றாள் ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இதைக் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. நான் இதைக் கூட்டிட்டுப் போறேன்.”

“போவாது” என்றாள் செவ்வந்தி.

“பாருங்க, என்னை எப்படித் தேடியிருக்கு...”

“அது வாலாட்டும்மா. அதுக்கு மொதல்ல சோறு போட்ட கை உன்னுது, மறக்குமா? அதுக்கோசரம் நான் குடுத்துடுவேன்னு நெனச்சிக்கினியா?”

“எங்கிட்ட பேப்பர் இருக்கும்மா. கழுத்துல சிப் வெச்சிருக்கோம். அதுல என் பேர்தான் இருக்கு.”

“கழுத்துக்குள்ள இன்னா வேணா இருந்துட்டுப் போவட்டும். முதுவுல என் சாயம் இருக்குது.”

அதற்குள் வாய்க்கால் மேட்டில் பைக் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ராமசாமி வீட்டுப் பண்ணையாள் வேடியப்பன். பின்னால் இருந்து ராமசாமி இறங்கினார். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாள் குத்தாமல் நடந்து வந்தார். நாய் அவரைக் கண்டதும் ஜெயசுதாவின் பின்னால் போய்ப் பதுங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“இது வேற நாயிம்மா” என்று ஆரம்பித்தவர், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பினார். “இல்ல இல்ல. நம்ம நாயிதான். இப்ப தெரிஞ்சிபோச்சி. ஏய் செவ்வந்தி, எங்க வூட்டு நாயத் திருடி வெச்சிக்கினு எங்களையே ஏமாத்திக்கினு இருக்கியா? ஸ்டேஷனுக்குப் போன் பண்ணட்டா?”

திருட்டு என்ற சொல்லை அவர் அவ்வளவு சுலபமாக எடுத்துப் போட்டதில், அம்மாவின் துரட்டி மண்ணில் இன்னும் ஆழமாக இறங்கியதைக் கோகிலவாணி பார்த்தாள். இந்த ஆளிடம் அம்மா இதுவரைக்கும் ‘ங்க’ போடாமல் பேசியதில்லை.

“ஐயா, பொதைச்சேன்னு சொன்னீங்களே, அது இன்னாத்தங்கய்யா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“நீ யாருடி நடுவுல?”

“இவங்க பொண்ணு. தை மாசம் உங்க மக்காச்சோளக் கொல்ல வரப்புல நின்னுக்கினு இருந்தேனே, ஞாபகமில்லியா?”

ராமசாமி ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். வேடியப்பன் பைக்கின் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். தையில் ஆடுகளை இறக்கி நைனார்பாளையம் பக்கம் ஓட்டியபோது, குள்ளன் விரட்டிய விரட்டில் பதினைந்து ஆடு வரப்பு தாண்டி ராமசாமியின் மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டது. இரண்டு பாத்தி அழிந்தது. பிடிக்கப் போன குள்ளன், பக்கத்தில் கட்டியிருந்த அவருடைய சிந்துக் கறவை மாட்டின் குதிகாலையும் கவ்விவிட்டது. பழைய பழக்கம். அந்த மாடுகளைப் பால் கறக்க நிற்க விடாமல் கவ்வியதற்காகத்தான் அது சாக்குக்குள் போனது என்று அப்போது செவ்வந்திக்குத் தெரியாது.

ஊர்க்காரர்கள் மூன்று பேரை வரப்பில் உட்கார வைத்துக்கொண்டு ராமசாமி கேட்டார். அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்டை அல்ல. கோகிலவாணிக்கு அது அன்றைக்கே விசித்திரமாகப் பட்டது.

“அந்த நாயி முதுவுல யாரு சாயம்?”

“என்னுதுதாங்க” என்றாள் செவ்வந்தி.

“அப்ப அது ஒன் நாயி.”

“ஆமாங்க.”

“ஆட்டுக்கு மூணு ராத்திரி. நாயிக்கு ரெண்டு ராத்திரி. மொத்தம் அஞ்சி ராத்திரி என் மரவள்ளி புடுங்கின கொல்லையில பட்டி போடு.”

நாய்க்குத் தனியாக அபராதம் அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் சொல்லிவிட்டார் என்று பேசாமல் இருந்தார்கள். செவ்வந்தியும் ஐந்து ராத்திரி பட்டி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது அவள் துரட்டியைப் பிடுங்கி, ராமசாமியின் காலுக்கு முன்னால் மண்ணில் குத்தினாள்.

“நாயிக்கு ரெண்டு ராத்திரி” என்றாள். “யாரு நாயிக்கு வாங்கின?”

ராமசாமியின் முகம் சிவந்தது. “இன்னாடி, மரியாத இல்லாம...”

“மரியாதயும் சேத்துத்தான் அஞ்சி ராத்திரி குடுத்தாச்சி. கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒன் நாயின்னா, ஒன் நாயி வெரட்டித்தான் என் ஆடு ஒன் கொல்லையில எறங்கிச்சி. அதுக்கு என்கிட்ட எதுக்கு எரு வாங்கின? என் நாயின்னா, அப்ப எவன் திருடன்? எவ திருடி? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“அன்னிக்கு எனக்கு அடையாளம் தெரியில.”

“அடையாளம் தெரியாத நாயிக்கா முறைச்சி முறைச்சிப் பாத்துக்கினு தனியா அபராதம் போட்டீங்க?” என்றாள் கோகிலவாணி. “அந்த மூணு பேரும் நைனார்பாளையத்துலதான் இருக்காங்க. போன் பண்ணிக் கூப்புடலாமா? ஸ்டேஷனுக்கும் அவங்களையே கூட்டிக்கினு போலாம்.”

ஜெயசுதா எழுந்து நின்றாள். மாமனாரிடம் போகவில்லை. நேராக வேடியப்பனிடம் போனாள்.

“வேடியப்பண்ணா, நீங்க சொல்லுங்க.”

வேடியப்பன் சாவியை நிறுத்தினான். “இன்னாத்தச் சொல்றதும்மா. சாக்குல போட்டுக் குடுத்தாரு. மலை மேல ஏதோ ஒரு எடத்துல வுட்டுட்டு வான்னாரு. சாக்கு வாயக் கட்டிப் போடச் சொன்னாரு. நான் லூசாத்தான் கட்டினேன்.”

“எலே!” என்றார் ராமசாமி.

“உண்மையத்தான சொன்னேன்” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஜெயசுதா மாமனாரின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“பத்து நாளா அந்த வேப்பங்கன்னுக்குத் தண்ணி ஊத்தினேன் மாமா. யாருக்கு ஊத்தினேன்?”

அவர் வேட்டியை இறக்கிவிட்டார். “அது மாட்டக் கடிச்சிக்கினே இருந்தா நான் இன்னா பண்ணுவேன்? நாயிக்கு ஏசி ரூமு, நாயிக்குப் பொறந்தநாளு, வூடா அது?” என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய்விட்டு நின்று, கோகிலவாணியைப் பார்த்து விரலை நீட்டினார். “சுபாஷு கடைலதான வேலை பண்ற? நாளைக்கு நீ அங்க இருக்க மாட்ட.”

“சொல்லிப் பாருங்க” என்றாள் அவள்.

வேடியப்பன் பைக்கைக் கிளப்பவில்லை. ராமசாமி ரோடு வரைக்கும் நடந்தே போனார்.

ஜெயசுதா செவ்வந்தியின் முன்னால் வந்து நின்றாள். இப்போது அவள் வாயில் பேப்பரும் இல்லை, சிப்பும் இல்லை.

“அம்மா, தப்பு எங்க பக்கம்தான். ஆனா இதை நான் குட்டியிலேருந்து வளர்த்தேன். ராத்திரியெல்லாம் பால் புகட்டினேன். எனக்குக் குடுங்கம்மா.”

செவ்வந்தி அவளை நேராகப் பார்த்தாள். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் பதில் இன்னும் கடுமையாக வந்தது.

“நீ வளத்த, இல்லேங்கல. வளத்தவ வுட்டுட்டுப் போன. உம் மாமன் தூக்கிப் போட்டான். நான் எடுத்தேன். அது பண்ணின அழிமானத்துக்கு நான் பதில் சொன்னேன். அது எனக்கு ஓடுது, நான் அதுக்கு ஆக்கிப் போடுறேன். உனுக்கு அது ஆசைக்கு. எனக்கு அது காலு. காலக் கழட்டிக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?”

ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாக்கணும்னா வா. எந்தக் கொல்லையில பட்டி இருக்குன்னு இவளுக்குப் போன் போட்டா சொல்லுவா. வந்து மடியில போட்டுக் கொஞ்சிட்டுப் போ. ஒண்ணும் வாங்கிக்கினு வராத. கேக்கு கீக்குன்னு குடுத்து வயித்தக் கெடுத்த, துரட்டியாலயே போடுவேன்.” பிறகு மகளைப் பார்த்தாள். “சாயத்த எடுடி.”

கோகிலவாணி படல் ஓரத்திலிருந்து டப்பாவைக் கொண்டுவந்தாள். செவ்வந்தி “குள்ளா” என்றாள், சத்தமாகக் கூட இல்லை. நாய் ஜெயசுதாவைப் பார்த்தது, செவ்வந்தியைப் பார்த்தது. வரவில்லை. செவ்வந்தி இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. முட்டியை நீட்டி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நாய் இருந்த இடத்துக்கே போய்க் குனிந்தாள். ஜெயசுதாவின் குர்த்தாவில் போயிருந்த சாயத்துக்கு ஈடாக, விரல் மூன்றையும் முக்கி, எப்போதையும் விட அகலமாக, அவள் கண் எதிரிலேயே ஒரு கோடு இழுத்தாள்.

ஓரத்தில் இரண்டு ஆடு வாய்க்கால் பக்கம் நகர்ந்தன. சாயம் காய்வதற்குள் குள்ளன் அவற்றின் பின்னால் ஓடியது.

*

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் சுபாஷ் தலையைச் சொறிந்தான்.

“நைனார்பாளையத்துப் பெரியவரு ஒம்பது தடவ போன் பண்ணிட்டாரு. ஒன்ன நிறுத்தணுமாம்.”

“நிறுத்துங்கண்ணே. அந்த ஹீட் பிரஸ்ஸு உங்க கைக்கு அடங்குதான்னு நானும் வெளிய நின்னு பாக்குறேன்.”

அவன் மிஷினைப் பார்த்தான். போன தீபாவளிக்கு அதில் அவன் கருக்கிய நாற்பது தலையணை உறை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “கோவப்படாத. அந்த மேடமும் போன் பண்ணிச்சி. ரெக்கை மக்கெல்லாம் வேணாமாம், நேத்தே ரோட்டோரமா ஒடைச்சிப் போட்டுடுச்சாம். புதுசா முப்பது. நீ எடுத்தியே, அந்தப் படம்.” கொஞ்சம் இழுத்தான். “முதுவுல இருக்கிற செவப்ப மட்டும் அழிச்சிடணுமாம். அத்தப் பாத்தா நெஞ்ச உறுத்துதாம். நான் அன்னிக்கே சொன்னேன் பாரு.”

கோகிலவாணி அவன் கையிலிருந்த போனை வாங்கி அவளே அழைத்தாள்.

“மேடம், கோகிலவாணி பேசறேன். சாயத்த அழிச்சிட்டு அடிக்க மாட்டேன்.”

“ஒரு சின்ன கோடுதானே? போட்டோஷாப்ல ரெண்டு நிமிஷம்...”

“ரெண்டு நிமிஷம்கூட ஆவாது. ஆனா அழிச்சா அது எங்க குள்ளன் இல்ல. அப்படியே வேணும்னா அடிக்கிறேன். வேணாம்னா மெட்ராஸ்ல வேற கடை பாருங்க.”

சுபாஷ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

பஸ் ஒன்று சங்கராபுரம் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

“சரி. அப்படியே போடுங்க” என்றாள் ஜெயசுதா. “பேர் என்ன போடுவீங்க?”

“குள்ளன், செவ்வந்தி பட்டி.”

“டாஃபின்னு ஒரு ஓரத்துலயாவது?”

கோகிலவாணி அலமாரியிலிருந்து கீறல் விழுந்த மக்கை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். இன்றைக்கு அது அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும்.

“போடலாம் மேடம்” என்றாள். “சின்ன எழுத்துல.”